ஈமெயிலுக்கும் ஒரு பூட்டுப் போடுவோம்



கடைக் கதவுக்கு இரண்டு பூட்டு, மிளகு ஸ்டோருக்கு ஒரு பூட்டு, காசு லாச்சிக்கு ஒரு பூட்டு. இரவில் வீட்டுக்குப் போகுமுன் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போகிறோம். ஆனால் கொள்முதல் விலை, வங்கிக் கணக்கு இலக்கம், யாருக்கு எவ்வளவு சரக்கு, எவ்வளவு கடன் என்பவற்றையெல்லாம் எழுதிய கடிதத்தை மட்டும் பூட்டில்லாமல் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம். அந்தக் கடிதத்தின் பெயர்தான் ஈமெயில்.

ஈமெயிலை உறையில் இட்டு ஒட்டிய கடிதம் என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அது தபால் அட்டைக்குத்தான் அதிகம் ஒத்தது. போகும் பாதையில் இப்போது பெரும்பாலான கம்பனிகள் அதை மூடியே கொண்டு செல்கின்றன என்பது உண்மை. ஆனால் உங்கள் பெட்டியிலும், நீங்கள் அனுப்பியவருடைய பெட்டியிலும் அது திறந்தபடியே கிடக்கிறது. அந்தப் பெட்டிகளில் ஒன்றின் பாஸ்வேர்ட் அந்நியன் கையில் சிக்கினால், வருடக்கணக்கான கடிதங்களை அவன் உட்கார்ந்து வாசிக்கலாம். அதைத் தடுக்கும் வழியை, கொம்பியூட்டர் படிக்காத ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரிக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் இந்த வாரம் எழுதுகிறேன். எனக்கும் பள்ளிக்கூடப் படிப்பு மட்டும்தான். ஆகவே பயப்படாமல் வாசியுங்கள்.

என் கைக்காசில் படித்த பாடம்

2019ஆம் ஆண்டு மிளகு உதிர்க்கும் இயந்திரம் இரண்டுக்கு கோயம்புத்தூரிலுள்ள ஒரு பட்டறைக்காரரிடம் ஓடர் கொடுத்தேன். அவரோடு எனக்குப் பதினொரு வருடப் பழக்கம். விலை பேசியது, அளவு அனுப்பியது, மோட்டாரின் வலு கேட்டது எல்லாம் ஈமெயிலில்தான். பணம் அனுப்ப வேண்டிய வாரத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "எங்கள் கணக்கு இப்போது தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதிய கணக்குக்கு அனுப்புங்கள்" என்று எழுதியிருந்தது. இயந்திரத்தின் மாதிரி இலக்கம் சரியாக இருந்தது. நான் கேட்ட தள்ளுபடியும் சரியாகக் கழிக்கப்பட்டிருந்தது. பதுளைக்குப் போய் வங்கியில் ஆறு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாயை அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அவர் தொலைபேசியில் பேசினார். "ஏனுங்க பாய், பணம் இன்னும் வரலீங்களே?" என்றார்.

"அண்ணன், நான் அனுப்பிப் பத்து நாளாகிவிட்டதே" என்றேன்.

அதன்பிறகு நடந்ததைச் சொல்லவே மனம் கூசுகிறது. நான் அவரைச் சந்தேகித்தேன். அவர் என்னைச் சந்தேகித்தார். பதினொரு வருடத்தில் ஒருமுறை கூட உயராத குரல்கள் அன்று உயர்ந்தன. என் மகன்தான் அந்தக் கடிதத்தை எழுத்தெழுத்தாகப் பார்த்துவிட்டு, அனுப்பிய முகவரியில் ஓர் எழுத்து மாறியிருப்பதைக் காட்டினான். பிறகு என் ஈமெயிலின் அமைப்புகளைத் திறந்தான். எனக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும் அறியாத ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தது. சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் வேறு ஊரில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் அவசரமாக என் ஈமெயிலைத் திறந்திருந்தேன். பாஸ்வேர்ட் அங்கேதான் போயிருக்க வேண்டும். திருடன் வாரக்கணக்காக எங்கள் பேச்சை வாசித்திருக்கிறான். எப்போது பணம் நகரும் என்று காத்திருந்து, சரியான நாளில் நண்பரின் பெயரில் எழுதியிருக்கிறான்.

பணம் திரும்பி வரவில்லை. நட்பு திரும்பி வர எட்டு மாதம் ஆனது. எனக்கு இரண்டு குறைகள் இருந்தன என்று பின்னர் விளங்கியது. முதலாவது, என் கடிதங்களை அந்நியன் வாசிக்கக்கூடியதாக இருந்தது. இரண்டாவது, வந்த கடிதம் நண்பர் எழுதியதுதானா என்று அறிய என்னிடம் ஒரு வழியும் இருக்கவில்லை. இந்த இரண்டுக்கும் மருந்து ஒரே மென்பொருளில் இருக்கிறது. அதுவும் இலவசமாக.

வாப்பாவின் கடைக்குறி

இரகசிய எழுத்து நமக்குப் புதிதல்ல. என் வாப்பா லுணுகலையில் துணிக்கடை வைத்திருந்த காலத்தில் ஒவ்வொரு துணியின் சீட்டிலும் கொள்முதல் விலையை எழுத்தில்தான் குறிப்பார். ஓர் எழுத்தும் இரண்டாம் முறை வராத பத்து எழுத்துச் சொற்றொடர் ஒன்று அவரிடம் இருந்தது. முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு, பத்தாவது எழுத்து பூச்சியம். சேலை வாங்க வந்தவர் சீட்டைப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றும் விளங்காது. கடையில் நிற்பவருக்கோ எந்த அளவுக்கு விலை இறங்கலாம் என்று உடனே தெரிந்துவிடும். உங்களில் பலருடைய பழைய கடைகளிலும் இப்படி ஒரு குறி இருந்திருக்கும்.

அந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. எங்களிடம் வேலை செய்த பொடியன் ஒருவன் எதிர்க் கடைக்கு மாறியபோது, குறியும் அவனோடு போய்விட்டது. வாப்பா எல்லாச் சீட்டையும் மாற்றி எழுத வேண்டி வந்தது. ஒரே இரகசியத்தைப் பலர் வைத்திருந்தால் அதில் பலவீனமானவரின் கையில்தான் அந்த இரகசியத்தின் உயிர் இருக்கிறது.

எழுத்துக்குப் பதில் எழுத்தை மாற்றி எழுதும் முறைக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. எந்த எழுத்து அதிக தடவை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே அதை உடைத்துவிடலாம். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி இதை விளக்கித் தனி நூலே எழுதினார். மறைவெழுத்தைக் குறிக்க ஐரோப்பியர் சொல்லும் 'ஸைபர்' என்ற சொல்கூட, பூச்சியத்துக்கு அரபியில் வழங்கும் 'ஸிஃப்ர்' என்பதிலிருந்து போனதுதான்.

பூட்டு ஊருக்கு, திறப்பு எனக்கு

இந்த ஓட்டையை அடைக்கும் வழி 1976ஆம் ஆண்டில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. டிஃபி, ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அதை எழுதினார்கள். கணக்கு கடினம், கருத்து எளிது. கடைப் பூட்டை வைத்தே சொல்கிறேன்.

நான் என் பெயர் பொறித்த நூறு பூட்டுகள் செய்து, திறந்த நிலையில் ஊர் முழுக்கக் கொடுக்கிறேன் என்று வையுங்கள். திறப்பு ஒன்றே ஒன்றுதான், அது என் இடுப்பில் இருக்கிறது. எனக்குச் சாமான் அனுப்ப விரும்பும் எவரும் அதைப் பெட்டியில் வைத்து என் பூட்டை அமுக்கி மூடிவிடலாம். மூடிய பின் அவராலேயே திறக்க முடியாது. வழியில் லொறிக்காரனாலும் முடியாது. நான் மட்டும் திறக்கலாம். பூட்டு ஊரெல்லாம் சுற்றினாலும் எனக்குக் கவலை இல்லை. திறப்பைத்தான் நான் காக்க வேண்டும்.

ஈமெயில் மென்பொருளின் திரையில் பூட்டின் பெயர் பப்ளிக் கீ. திறப்பின் பெயர் ஸீக்ரட் கீ. இரண்டும் சோடியாகப் பிறக்கும். 'கீ' என்ற சொல் இரண்டிலும் வருவதால்தான் ஆரம்பக்காரர்கள் குழம்புகிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் பூட்டு, திறப்பு என்றே எழுதுகிறேன்.

அந்தத் திறப்பால் இன்னொரு வேலையும் ஆகும். நான் எழுதும் கடிதத்துக்கு அதைக் கொண்டு ஒரு முத்திரை குத்தலாம். என் பூட்டை வைத்திருக்கும் எவரும் அது என் முத்திரைதானா, குத்திய பின் ஓர் எழுத்தாவது மாற்றப்பட்டதா என்று சோதிக்கலாம். இதற்கு டிஜிட்டல் கையொப்பம் என்று பெயர். பூட்டு இரகசியத்தைக் காக்கிறது, கையொப்பம் ஆளைக் காட்டுகிறது. வியாபாரிக்கு இரண்டாவதுதான் பெரிது என்பேன். என் ஆறு லட்சம் போனது இரகசியம் வெளியானதால் மட்டுமல்ல, ஆளை அறியாததாலும்தான்.

இந்த முறையைச் சாதாரண மக்களின் ஈமெயிலுக்குக் கொண்டு வந்தவர் ஃபில் ஸிம்மர்மன் என்ற அமெரிக்கர். 1991இல் பி.ஜி.பி. என்ற மென்பொருளை வெளியிட்டார். மறைவெழுத்து மென்பொருளை ஆயுதம்போல் கருதிய அந்நாட்டு ஏற்றுமதிச் சட்டத்தின்கீழ் அவர்மீது விசாரணை நடந்து, 1996இல் கைவிடப்பட்டது. பின்னர் ஜேர்மனியரான வேர்னர் கோக் அதே முறையில் ஜி.என்.யு.பி.ஜி. என்ற இலவச மென்பொருளை எழுதி, 1999இல் அதன் முதலாவது முழுப் பதிப்பை வெளியிட்டார். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று உலகில் எவரும் பார்க்கலாம். வாப்பாவின் குறியில் முறையும் இரகசியம், சொல்லும் இரகசியம். இதில் முறை பகிரங்கம், திறப்பு மட்டுமே இரகசியம்.

ஏன் பலர் பாதியில் விடுகிறார்கள்?

மருந்து இருந்தும் ஏன் எல்லோரும் குடிக்கவில்லை? 1999இல் அமெரிக்காவில் இரு ஆய்வாளர்கள் பன்னிரண்டு பேரை அழைத்து, பி.ஜி.பி.யைக் கொடுத்து, தொண்ணூறு நிமிடத்துக்குள் ஒரு கடிதத்தைப் பூட்டிக் கையொப்பமிட்டு அனுப்பச் சொன்னார்கள். மூன்றில் ஒரு பங்கினரால்தான் முடிந்தது. மூன்று பேர் இரகசியத்தைப் பூட்டாமலே அனுப்பிவிட்டார்கள். பலர் எதிராளியின் பூட்டுக்குப் பதிலாகத் தம் சொந்தப் பூட்டையே போட்டார்கள். அவர்கள் எல்லோரும் ஈமெயில் பழகியவர்கள்தான்.

இன்னொரு சம்பவம் உலகப் புகழ் பெற்றது. அமெரிக்க உளவு இரகசியங்களை 2013இல் வெளியிட்ட எட்வர்ட் ஸ்னோடன், அதற்கு முன் 2012 டிசம்பரில் கிளென் கிரீன்வால்ட் என்ற பத்திரிகையாளருக்குப் பெயர் சொல்லாமல் எழுதி, ஈமெயிலைப் பூட்டப் பழகுமாறு கேட்டார். படிப்படியான குறிப்பை எழுதி அனுப்பினார். பிறகு வீடியோவும் செய்து அனுப்பினார். பத்திரிகையாளர் வேறு வேலைகளில் அதை ஒத்திப்போட்டுக்கொண்டே இருந்தார். அவ்வளவு பெரிய செய்தி மாதக்கணக்காகக் கதவுக்கு வெளியே நின்றது.

இவற்றிலிருந்து ஆரம்பக்காரருக்கு எழுதுபவன் படிக்க வேண்டியது என்ன? குறிப்பு குறுகியதாக இருக்க வேண்டும். பூட்டு எது, திறப்பு எது, யாருடைய பூட்டைப் போடுவது என்பது முதலில் தெளிவாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு கை தட்டினால் ஓசை வராது. இதைத் தனியாக ஒருவர் தொடங்கிப் பயனில்லை. கடிதம் எழுதும் இருவரும் ஒரே நாளில், தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். முதலில் உங்களோடு அதிகப் பணம் புரளும் ஒரே ஒருவரைத் தெரிவு செய்யுங்கள். அவர் புறக்கோட்டையில் இருக்கலாம், கோயம்புத்தூரிலும் இருக்கலாம்.

ஏழு படிகள்

நான் சொல்லப்போவது தண்டர்பேர்ட் என்ற இலவச ஈமெயில் மென்பொருள். முன்பு பூட்டுக்கென்று வேறு இரண்டு மென்பொருள்களைத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது. 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து பூட்டு அதனுள்ளேயே இருக்கிறது. ஆகவே பழைய புத்தகத்தில் உள்ள முறையைத் தேடி அலைய வேண்டாம்.

முதலாம் படி: இப்போதுள்ள ஈமெயிலைச் சுத்தம் செய்யுங்கள். பாஸ்வேர்டை மாற்றுங்கள். உள்ளே நுழையத் தொலைபேசியில் இரண்டாவது சோதனை கேட்கும் ஏற்பாட்டைப் போடுங்கள். அமைப்புகளில் ஃபோர்வர்டிங் என்ற இடத்தில் அறியாத முகவரி எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்கு இருந்ததுபோல் உங்களுக்கும் இருக்கலாம்.

இரண்டாம் படி: தண்டர்பேர்டை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்கி, உங்கள் கடைக் கொம்பியூட்டரில் நிறுவுங்கள். யாரோ பென் டிரைவில் தந்த பிரதி வேண்டாம். உங்கள் ஈமெயில் முகவரியைக் கொடுத்தால் பழைய கடிதங்கள் அதிலே வந்து சேரும். முகவரி மாறாது.

மூன்றாம் படி: அக்கவுன்ட் செட்டிங்ஸ் என்பதைத் திறந்து, எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் என்ற பகுதிக்குப் போங்கள். ஓபன் பி.ஜி.பி. என்ற தலைப்பின்கீழ் ஆட் கீ என்பதை அழுத்தி, புதிய சோடியை உருவாக்கத் தெரிவு செய்யுங்கள். காலாவதி மூன்று வருடம் என்று அதுவே காட்டும், அப்படியே விடுங்கள். பின்னர் நீடித்துக்கொள்ளலாம். பெரிய கோப்பி ஆறுமுன் சோடி பிறந்துவிடும். அந்தச் சோடியே தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

நான்காம் படி: திறப்புக்குப் பிரதி எடுங்கள். டூல்ஸ் பட்டியலில் ஓபன் பி.ஜி.பி. கீ மெனேஜர் இருக்கிறது. அதில் பைல் என்பதன் கீழ் ஸீக்ரட் கீயைப் பிரதி எடுக்கும் வசதி உண்டு. அதற்கு ஒரு பாஸ்வேர்ட் கேட்கும். பிரதியை இரண்டு பென் டிரைவில் போட்டு, ஒன்றைக் கடையிலும் மற்றதை வீட்டில் காணி உறுதி வைக்கும் பெட்டியிலும் வையுங்கள். பாஸ்வேர்டை அதே பெட்டியில் வைக்க வேண்டாம். இந்தப் படியைத் தாண்டி ஓடாதீர்கள். கொம்பியூட்டர் பழுதாகித் திறப்பும் போனால், பூட்டிய பழைய கடிதங்களை உலகில் எவராலும் திறக்க முடியாது. உருக்கி உடைக்க இங்கே கொல்லன் இல்லை.

ஐந்தாம் படி: செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்கியூரிட்டி என்ற பகுதியில் பிரைமரி பாஸ்வேர்ட் ஒன்றைப் போடுங்கள். இதைப் போடாவிட்டால் உங்கள் கொம்பியூட்டரில் உட்காரும் எவரும் உங்கள் திறப்பைப் பயன்படுத்தலாம். கல்லாவில் திறப்பைத் தொங்கவிட்டுத் தொழுகைக்குப் போவதுபோல் ஆகிவிடும்.

ஆறாம் படி: உங்கள் பூட்டை நண்பருக்கு அனுப்புங்கள். புதிய கடிதத்தைத் திறந்தால் மேலே ஓபன் பி.ஜி.பி. என்ற பட்டியல் இருக்கும். அதில் என் பப்ளிக் கீயை இணை என்ற கருத்துள்ள வரியைத் தொட்டு அனுப்புங்கள். அவரும் இதே படிகளைச் செய்து தம் பூட்டை உங்களுக்கு அனுப்ப வேண்டும். ஸீக்ரட் கீயை மட்டும் யார் கேட்டாலும் அனுப்பக்கூடாது. வங்கி கேட்டாலும், மச்சான் கேட்டாலும் கூடாது.

ஏழாம் படி: அவரது பூட்டு வந்து சேர்ந்ததும், அதை ஏற்பதா என்று மென்பொருள் கேட்கும். இங்கேதான் நிற்க வேண்டும். திருடன் தன் பூட்டில் நண்பரின் பெயரைப் பொறித்து அனுப்பியிருந்தால்? அதற்காக ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு கைரேகை உண்டு. திரையில் அதற்கு ஃபிங்கர்பிரின்ட் என்று பெயர். நன்னான்காகப் பிரித்துக் காட்டப்படும் நாற்பது எழுத்தும் இலக்கமும் அவை. நண்பருக்கு, நீங்கள் வெகுநாளாக அறிந்த இலக்கத்தில் தொலைபேசி எடுத்து, அவரை அவருடைய திரையைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். நாற்பதும் சரியென்றால் மாத்திரம், சோதித்து ஏற்றுக்கொண்டேன் என்ற வரியைத் தெரிவு செய்யுங்கள். கைரேகையை ஈமெயிலில் கேட்டு வாங்குவது வீண் வேலை. திருடனிடமே அவனுடைய அடையாள அட்டையைக் கேட்பது போன்றது அது.

இனிக் கடிதம் எழுதும்போது என்கிரிப்ட் என்ற பொத்தானை அழுத்தி, கையொப்பத்துக்கான வரியும் தெரிவாகியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புங்கள். இணைத்த பில், விலைப்பட்டியல் எல்லாம் சேர்ந்தே பூட்டப்படும். அவர் பக்கத்தில் வழக்கம்போல் திறக்கும். உங்கள் பெட்டிக்குள் நுழைந்த திருடனுக்கோ அர்த்தமில்லாத எழுத்துக் குவியல்தான் தெரியும். முதல் கடிதத்தில் பணம் பற்றி எழுத வேண்டாம். சுகம் விசாரித்து எழுதுங்கள், பதில் சரியாக வந்தபின் வியாபாரம் பேசுங்கள்.

பூட்டு செய்யாத வேலைகள்

ஒரு சாமானை விற்கும்போது அதன் குறையையும் சொல்லித்தான் விற்க வேண்டும். யார் யாருக்கு, எப்போது எழுதினார் என்பதை இந்தப் பூட்டு மறைக்காது. பொருள் வரியைத் தண்டர்பேர்ட் மறைத்தாலும், எல்லா மென்பொருளும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே அந்த வரியில் விலையோ கணக்கு இலக்கமோ எழுதாதீர்கள்.

திருடன் கொம்பியூட்டருக்குள்ளேயே புகுந்திருந்தால் பூட்டால் பயனில்லை. 2016 பெப்ரவரியில் நடந்த பங்களாதேஷ் மத்திய வங்கிக் கொள்ளை நினைவிருக்கலாம். திருடர்கள் வங்கியின் கொம்பியூட்டர்களுக்குள் புகுந்து, நியூயோர்க்கில் இருந்த அதன் கணக்கிலிருந்து 95 கோடி டொலருக்கும் மேல் எடுக்கக் கட்டளைகள் அனுப்பினார்கள். 8 கோடி 10 லட்சம் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போனது. 2 கோடி டொலர் நமது இலங்கைக்கே, ஒரு தொண்டு நிறுவனத்தின் பெயருக்கு வந்தது. அந்தப் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்ற சொல் 'ஃபண்டேஷன்' என்று பிழையாக எழுதப்பட்டிருந்ததை இடைநிலை வங்கியில் ஒருவர் கவனித்து விசாரிக்க, இலங்கைக்கு வந்த பணம் தப்பியது. கோடிக்கணக்கான டொலரைக் காப்பாற்றியது, எழுத்துப் பிழையை விடாத ஒரு மனிதக் கண்.

ஆகவே பூட்டிய கடிதம், கையொப்பமிட்ட கடிதம் எதுவாக இருந்தாலும், கணக்கு இலக்கம் மாறியது என்று எழுதியிருந்தால் பணம் அனுப்புமுன் பழைய இலக்கத்தில் தொலைபேசி எடுத்துக் குரலைக் கேளுங்கள். கடிதத்தில் தந்திருக்கும் புதிய தொலைபேசி இலக்கத்துக்கு எடுக்காதீர்கள். எல்லாம் மீறி ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் அந்த மணித்தியாலத்திலேயே வங்கிக்குச் சொல்லுங்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இப்படிப்பட்ட திருட்டுக்கு எதிராகவே இருக்கிறது. பொலிஸில் முறையிடுங்கள். 2006இல் தொடங்கிய ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். நான் பத்து நாள் அறியாதிருந்தேன். பணம் வழியிலேயே நிறுத்தப்படக்கூடிய முதல் சில நாட்கள் அப்படியே போய்விட்டன.

வட்ஸ்அப் போதாதா?

பலர் கேட்கும் கேள்வி இது. வட்ஸ்அப்பில் 2016 ஏப்ரல் முதல் எல்லோருக்கும் இப்படிப்பட்ட பூட்டு தானாகவே போடப்படுகிறது. நல்ல விடயம். ஆனால் வங்கி, கப்பல் முகவர், வெளிநாட்டுக் கொள்வனவாளர் ஆகியோரோடு பத்திரங்கள் இன்னும் ஈமெயிலில்தான் போய் வருகின்றன. பிற்காலத்தில் வழக்கென்று வந்தால் தேடி எடுக்கவும் ஈமெயில்தான் வசதி. மேலும் வட்ஸ்அப்பிலும் எதிராளியின் தொலைபேசியைத் திருடன் பிடித்துக்கொண்டால் பூட்டு உதவாது. அங்கேயும் குரலைக் கேட்கும் விதி அப்படியே பொருந்தும்.

ஏழு படியும் கடினம் என்பவர்களுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு. 2014இல் சுவிட்சர்லாந்தில் தொடங்கிய புரோட்டன் மெயிலில் இருவரும் இலவசக் கணக்குத் திறந்தால், அவர்களுக்கிடையில் போகும் கடிதங்கள் தானாகவே பூட்டப்படும். சோடியும் அதுவே செய்துகொள்ளும். பழைய முகவரியை விட்டுப் புதிய முகவரிக்கு மாற வேண்டும் என்பதுதான் அதற்குக் கொடுக்கும் விலை.

கடைசியாக ஒன்று

எட்டு மாத மௌனத்துக்குப் பிறகு நானும் கோயம்புத்தூர் நண்பரும் பேசத் தொடங்கினோம். தண்டர்பேர்டில் பூட்டு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இருவரும் தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். என் பக்கத்தில் மகன், அவர் பக்கத்தில் மருமகள். பசறைப் பக்கம் மழை, இரண்டு தடவை மின்சாரம் போய் வந்தது. நாற்பது எழுத்தையும் அவர் வாசிக்க நான் சரி பார்த்தேன், நான் வாசிக்க அவர் சரி பார்த்தார். நடுவில் ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டு மறுபடி தொடங்கினோம். எல்லாம் முடிய ஒன்றரை மணித்தியாலம் ஆனது.

அவர் அனுப்பிய முதல் பூட்டிய கடிதத்தில் ஒரு வரிதான் இருந்தது. "பாய், அன்னைக்கு உங்களச் சந்தேகப்பட்டது என் தப்புங்க." அதற்கு நான் எழுதிய பதிலும் பூட்டியேதான் போனது. ஆகவே அதை இங்கே எழுத மாட்டேன்.

வியாபாரத்தில் போன பணத்தை இன்ஷா அல்லாஹ் இன்னொரு போகத்தில் தேடிக்கொள்ளலாம். இருவருக்கிடையில் உள்ள நம்பிக்கை ஓர் அமானத். அதைக் காக்க ஒன்றரை மணித்தியாலம் அதிகமல்ல. இந்த வாரம் உங்கள் ஆளைத் தெரிவு செய்யுங்கள். முதலாம் படியை இன்றிரவே கடை பூட்டுமுன் செய்யுங்கள்.